மெத்தில் ஹைட்ரஜன் சிலிகான்: துணிக்குப் போடும் எண்ணெய்க்குள் இருக்கும் ஹைட்ரஜன்

பெருந்துறைப் பக்கம் ஒரு பிராசசிங் யூனிட்டில் கெமிக்கல் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி கேட்டிருக்கிறார்: தண்ணீர் ஒட்டாத ஃபினிஷுக்கு நாமே எமல்ஷன் (எண்ணெயைத் தண்ணீரில் பால் மாதிரிக் கலப்பது) அடித்துக்கொள்ளலாம் என்று முதலாளி மெத்தில் ஹைட்ரஜன் சிலிகான் ஆயில் இரண்டு பேரல் இறக்கியிருக்கிறார். கோவையில் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்கும் தங்கை அந்தப் பெயரைக் கேட்டதும், "அண்ணா, இது ரிடியூசிங் ஏஜென்ட் (ஒடுக்கும் பொருள்), எங்கள் லேபிலும் இருக்கிறது, காஸ்டிக் பக்கத்தில் வைத்துவிடாதே" என்றாளாம். துணிக்குப் போடும் எண்ணெய் எப்படி ரிடியூசிங் ஏஜென்ட் ஆகும்? நிஜமாகவே ஆபத்தா? எப்படி வைத்துக்கொள்வது?

தம்பி, அம்மிணி சொன்னது முழுக்கச் சரி. மேலே படிப்பதற்கு முன்னால் எழுந்து போய் அந்த இரண்டு பேரலும் எங்கே நிற்கின்றன என்று பார்த்துவிட்டு வாருங்கள். காஸ்டிக் லை (காஸ்டிக் சோடாக் கரைசல்), சோடா ஆஷ், சோடியம் சிலிகேட், அமோனியா, பெராக்சைடு இவற்றில் எதற்காவது பக்கத்தில் நின்றால் இன்றைக்கே நகர்த்துங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

ரிடியூசிங் ஏஜென்ட் என்றாலே நம் சாயப்பட்டறைக்காரர்களுக்கு ஹைட்ரோஸ்தான், அதாவது சோடியம் ஹைட்ரோசல்ஃபைட். டப்பாவைத் திறந்தாலே கந்தக வாடை மூக்கில் ஏறும், ஈரம் பட்டால் தானே சூடாகிப் புகையும், பார்த்தாலே ஜாக்கிரதையாகத் தொடத் தோன்றும். இந்த எண்ணெய் அதற்கு நேர் எதிர். தண்ணீர் மாதிரித் தெளிவு, வாடை என்று சொல்ல ஒன்றும் இல்லை, கையில் பட்டால் வழுக்கும், அவ்வளவுதான். விரலில் தொட்டுப் பார்த்து இதையும் சாதாரண சிலிகான் ஆயிலையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. முப்பது வருடம் இந்த வேலையில் இருந்த என்னாலும் முடியாது. எனக்கு இதில் இருக்கும் பெரிய கவலையே அதுதான்.

வித்தியாசம் உள்ளே இருக்கிறது. சிலிகான் என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த மாலை. சாஃப்ட்னருக்கு அடிப்படையான சாதாரண ஆயிலில் ஒவ்வொரு சிலிக்கானிலும் இரண்டு மெத்தில் தொகுதிகள் தொங்கும். இதில் ஒரு மெத்தில், அதற்கு இணையாக ஒரு ஹைட்ரஜன். அந்த ஒற்றை ஹைட்ரஜன்தான் எல்லாக் கதைக்கும் காரணம்.

தண்ணீரிலும் அமிலத்திலும் இருக்கிற ஹைட்ரஜன் எலக்ட்ரானை விட்டுக்கொடுத்துவிட்டு நேர்மின் பக்கம் சாய்ந்திருக்கும். சிலிக்கானோடு சேர்ந்த ஹைட்ரஜன் அப்படி இல்லை. எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் வலு சிலிக்கானுக்கு 1.90, ஹைட்ரஜனுக்கு 2.20. ஆகவே இங்கே ஹைட்ரஜன்தான் எலக்ட்ரானைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்து வைத்திருக்கிறது. கெமிஸ்ட்ரிக்காரர்கள் இதை ஹைட்ரைடு குணம் என்பார்கள். சரியான இடம் கிடைத்தால் அந்த ஹைட்ரஜன் எலக்ட்ரானோடு சேர்ந்து இன்னொரு மூலக்கூறுக்குத் தாவும். தாவினால் அந்த மூலக்கூறு ஒடுக்கம் அடைகிறது. சோடியம் போரோஹைட்ரைடும், லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடும் செய்வது இதே வேலைதான். ஆனால் லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும், தீப்பிடிக்கும். சிலிக்கான் ஹைட்ரைடு அப்படிப் பாயாது. காற்றிலும், சுத்தமான தண்ணீரிலும் பேசாமல் கிடக்கும். யாராவது எழுப்பிவிட வேண்டும். வலுவான அமிலம் எழுப்பும், பல்லேடியம், பிளாட்டினம் எழுப்பும், வெள்ளீய, துத்தநாகச் சேர்மங்கள் எழுப்பும். எல்லாவற்றையும் விடச் சுலபமாக எழுப்புவது காரம். நம் யூனிட்களில் காரத்துக்கா பஞ்சம்?

இவ்வளவு விவகாரமான சரக்கு ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்று கேட்பீர்கள். 1940-ல் யூஜின் ராச்சோ என்ற அமெரிக்க வேதியியலாளர் சிலிக்கான் தூளும் தாமிரமும் கலந்து, சுமார் 300 டிகிரியில் மெத்தில் குளோரைடு வாயுவைச் செலுத்தி சிலிகானுக்கான மூலப்பொருளைச் செய்தார். இன்றைக்கும் உலகத்துச் சிலிகான் தொழில் அந்த வழியில்தான் ஓடுகிறது. அதில் முக்கியச் சரக்கோடு கொஞ்சம் மெத்தில் டைகுளோரோசிலேனும் கூடவே வரும். அதைத் தண்ணீரில் நீராற்பகுத்தால் நம் எண்ணெய். உபரியாக வருவதிலிருந்து பிறந்ததால் விலை கட்டுப்படியாகிறது.

இப்போது துணிக்கு வருவோம். பேடரில் (கரைசலில் முக்கிப் பிழியும் மெஷின்) துணி நனைந்து, பிழிபட்டு, ஸ்டென்டரில் (சூட்டில் காய வைக்கும் மெஷின்) 140, 150 டிகிரியில் ஓடும்போது கேட்டலிஸ்டின் (வினையூக்கி) உதவியால் ஒவ்வொரு ஹைட்ரஜனாகக் கழன்று போகிறது. அது இருந்த இடத்தில் ஆக்சிஜன் பாலம் விழுந்து, பக்கத்துச் சங்கிலியோடு பின்னிக்கொள்கிறது. நூலைச் சுற்றி வலை மாதிரி ஒரு படலம். மெத்தில் தொகுதிகள் எல்லாம் வெளியே பார்த்து நிற்பதால் தண்ணீர் ஒட்டாது. காடாத் துணியில் போட்டுவிட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், சேப்பங்கிழங்கு இலைமேல் ஓடுவது மாதிரி உருண்டு போகும். எண்ணெய்க் கறைக்கு இது நிற்காது, அதற்கு ஃப்ளூரின் சரக்குதான். ஆனால் ஐரோப்பிய பையர்கள் ஃப்ளூரின் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்த பிறகுதான் இந்தப் பழைய மெத்தில் ஹைட்ரஜன் மறுபடி நம் பக்கம் வந்திருக்கிறது. கேட்டலிஸ்ட் எது என்று சப்ளையரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்கனோடின் (கரிம வெள்ளீயச் சேர்மம்) என்றால் ஏற்றுமதி லாட்டில் மாட்டிக்கொள்வீர்கள்.

துணி மட்டும் இல்லை. உங்கள் கோடவுன் சுவரில் மாட்டியிருக்கும் சிவப்புத் தீயணைப்பு சிலிண்டருக்குள் இருக்கும் பவுடர் ஈரம் இழுத்துக் கட்டியாகாமல் இருக்க அதற்குப் பூசுவதும் பெரும்பாலும் இதே எண்ணெய்தான். ஜிப்சம் பலகை நனையாமல் இருக்கவும் போடுகிறார்கள். முகப்பவுடரில் நிறமித் தூள் கட்டிபிடிக்காமல் இருக்கப் பூசுவார்கள். டப்பாவில் மெத்திகோன் என்று எழுதியிருப்பது இதைத்தான். ஸ்டிக்கர் பின்னால் உரித்துப் போடுகிறோமே, அந்தத் தாளின் வழுவழுப்பிலும் இதன் வேலை உண்டு. அங்கெல்லாம் ஹைட்ரஜன் தன் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும், அதனால் பயப்பட ஒன்றும் இல்லை. பேரலில் இருக்கும்போது அது முழுசாக உள்ளே இருக்கிறது.

எவ்வளவு இருக்கிறது என்று ஒரு கணக்குப் போடலாம். உங்கள் சரக்கோடு வந்த சான்றிதழில் ஆக்டிவ் ஹைட்ரஜன் 1.6 சதவீதம் என்கிற மாதிரி ஒரு எண் இருக்கும். கிலோவுக்கு 16 கிராம். பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் இந்த வினையில் தண்ணீரும் தன் பங்குக்கு ஒரு ஹைட்ரஜனைத் தருவதால், ஒரு கிலோ எண்ணெய் முழுக்க வினைபட்டால் நம் ஊர் வெயிலில் கிட்டத்தட்ட 400 லிட்டர் ஹைட்ரஜன் வாயு வரும். ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றும், 75 சதவீதம் வரை பற்றிக்கொண்டே இருக்கும். அப்படியானால் ஒரு கிலோ, ஏழடிக்கு ஏழடி, உயரமும் ஏழடி உள்ள ஒரு அறையைப் பற்றும் நிலைக்குக் கொண்டுவரும். ஒரு பேரல் என்பது 200 கிலோ. நாற்பதுக்கு அறுபது, இருபதடி உயரக் கோடவுனுக்கு ஒரு பேரலே தாராளம். பற்றவைக்கப் பெரிய நெருப்பும் வேண்டாம். சுவிட்சைத் தட்டும் பொறி, பாலியஸ்டர் துணி உரசி எழும் ஸ்டாட்டிக் போதும்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. காஸ்டிக் இந்த வினையில் செலவாவதில்லை. ஹைட்ராக்சைடு போய் சிலிக்கானில் ஒட்டும், ஹைட்ரைடைத் தள்ளிவிடும், அந்த ஹைட்ரைடு தண்ணீரிலிருந்து ஒரு புரோட்டானைப் பிடுங்கி ஹைட்ரஜன் வாயுவாகும், பிடுங்கிய இடத்தில் புதிதாக ஒரு ஹைட்ராக்சைடு பிறக்கும். அது அடுத்த சிலிக்கானுக்குப் போகும். தண்ணீர் இருக்கும்வரை இது ஓடும். அதனால் "கொஞ்சூண்டு காஸ்டிக் தானே" என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. ஒரு மக்கின் அடியில் காய்ந்து ஒட்டியிருக்கும் வெள்ளைப் படிவம் போதும்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன்னால் ஒரு யூனிட்டில், வேலை முடிந்து மீந்த ஏழெட்டு லிட்டர் மெத்தில் ஹைட்ரஜனைப் பையன் ஒருவன் வீணாக்க மனசில்லாமல் ஒரு காலி கேனில் ஊற்றி மூடியை இறுக்கித் திருகி வைத்துவிட்டான். அந்தக் கேனில் முந்தின வாரம் காஸ்டிக் இருந்திருக்கிறது. அலசித்தான் வைத்திருந்தார்கள், அடியில் கொஞ்சம் ஈரம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் நீல நிறக் கேன் பூரி மாதிரி உப்பி, அடிப்பக்கம் வளைந்து, நிற்க முடியாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. மூடி இடுக்கில் உஸ்ஸென்று சத்தம். நல்லவேளையாக அது ஷெட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் இருந்தது. எல்லாரையும் அக்கட்டால தள்ளி நிற்கச் சொல்லி, போன், பீடி ஒன்றும் கூடாது என்று கத்தி, யாரும் கிட்டே போகாமல் விட்டோம். சாயங்காலத்துக்குள் மூடியே பிளந்து அடங்கியது. மறுநாள் உள்ளே பார்த்தால் எண்ணெய் இல்லை, நுங்கு மாதிரி கட்டியாக, உள்ளெல்லாம் காற்றுக் குமிழோடு ஒரு ஜெல். அதே கேன் ஸ்டோருக்குள், மற்ற சரக்குகளுக்கு நடுவில் இருந்திருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன்.

அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்காவில் அப்படி இல்லை. 2019 மே 3 அன்று ராத்திரி, இல்லினாய் மாநிலத்தில் வாக்கீகன் என்ற ஊரில், நீங்கள் செய்யப்போகும் இதே வேலை, சிலிக்கான் ஹைட்ரைடு எமல்ஷன், ஒரு டேங்க்கில் ஓடிக்கொண்டிருந்தது. சேர்க்க வேண்டிய பொருளுக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் தவறுதலாகச் சேர்ந்திருக்க வேண்டும் என்று அந்நாட்டு வேதியியல் விபத்து விசாரணை வாரியம் முடிவுக்கு வந்தது. இரண்டும் ஒரே மாதிரி நீல டிரம்களில் இருந்தன. டேங்க் நுரைத்துப் பொங்கியது, ஹைட்ரஜன் கட்டடத்துக்குள் பரவியது, வெடித்தது. நாலு தொழிலாளர்கள் இறந்தார்கள். ஹைட்ரஜனைக் கண்டுபிடித்து அலறும் கருவி அங்கே இல்லை.

ஒரே மாதிரி நீல டிரம். நம் ஸ்டோர்களில் எது நீல டிரம்மில் வரவில்லை, சொல்லுங்கள். அதனால்தான் உங்களிடம் முதலில் கேட்பது, மெத்தில் ஹைட்ரஜன் பேரல் இரண்டுக்கும் மேலிருந்து கீழ்வரை ஒரு கையகல மஞ்சள் பட்டை அடித்துவிடுங்கள், பின்னால் இருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி. பெயரைத் தமிழிலும் இந்தியிலும் எழுதுங்கள். இப்போது ஸ்டோரில் பாதிப்பேர் பீகார், ஒடிசாத் தம்பிகள்தான். ஊற்றும் மக்கு, பம்பு, குழாய் எல்லாம் இதற்கென்று தனியாக, அதே மஞ்சள் பட்டையோடு இருக்கட்டும். அந்த மக்கை இன்னொரு வேலைக்கு எடுக்கக் கூடாது, இன்னொரு மக்கை இதற்குக் கொண்டுவரவும் கூடாது. வந்த பேரலிலேயே வையுங்கள். அதன் மூடியில் அழுத்தத்தை விடும் வால்வு இருந்தால் அதை மாற்றிச் சாதா மூடி போட்டுவிடாதீர்கள். வெயில் படாத, மேலே காற்றுப் போக்கு உள்ள இடம் வேண்டும். ஹைட்ரஜன் லேசானது, கூரைக்குத்தான் ஏறும். ஜன்னல் கீழே இருந்து பிரயோஜனம் இல்லை, கூரை உச்சியில் வழி வேண்டும்.

எமல்ஷன் அடிக்கும்போது குளியல் (துணி நனையப் போகும் கரைசல்) எப்போதும் லேசாக அமிலப் பக்கம் இருக்க வேண்டும், அசிட்டிக் அமிலம் போட்டு பி.எச். 4, 5 என்று. போர் தண்ணீரை அப்படியே எடுக்காதீர்கள், நம் பக்கத்துத் தண்ணீரில் பைகார்பனேட் உண்டு. சுத்திகரித்த தண்ணீரானாலும் பி.எச். பார்த்துவிட்டு எடுங்கள். அமினோ சிலிகான் சாஃப்ட்னரையும் இதையும் ஒரே குளியலில் போடலாமா என்று கண்டிப்பாக யாராவது கேட்பார்கள், இரண்டும் சிலிகான் தானே என்று. போடாதீர்கள். அமீனும் காரம்தான். கேட்டலிஸ்ட் சேர்த்த குளியலை ராத்திரிக்கு மூடி வைக்கவும் கூடாது.

துணியையும் கவனியுங்கள். மெர்சரைஸ் ஆகி (காஸ்டிக்கில் பதப்பட்டு) வந்த துணி மேலே நியூட்ரலாகத் தெரியும், நூலுக்குள் காஸ்டிக் இருக்கும். துணியில் ஒரு சொட்டு பி.எச். இண்டிகேட்டர் விட்டுப் பாருங்கள். நீலமோ பச்சையோ அடித்தால் திரும்ப அமிலத்தில் அலசாமல் பேடருக்கு விடக் கூடாது. விட்டால் தொட்டியில் பொடிப்பொடியாக நுரை எழும். மெஷின்காரர் அதை சாஃப்ட்னர் நுரை என்று நினைத்து டிஃபோமர் ஊற்றுவார், நுரை அடங்காது, ஏனென்றால் அது வினையில் பிறக்கும் ஹைட்ரஜன். அந்த நுரையைப் பார்த்தால் மெஷினை நிறுத்தச் சொல்லுங்கள், ஸ்டென்டர் எக்ஸாஸ்டை மட்டும் நிறுத்த வேண்டாம்.

கீழே சிந்தினால் அடுப்புச் சாம்பல், சுண்ணாம்பு, சிமெண்ட் தூவாதீர்கள். மூன்றும் காரம். காய்ந்த மணல் போட்டு அள்ளி, மூடாத பாத்திரத்தில் வெளியே வையுங்கள். கழிவை ஈ.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) பக்கம் தள்ளிவிடும் பழக்கமும் வேண்டாம். அங்கே சுண்ணாம்பு டோசிங் இருக்கிறது, டேங்க் மூடியிருந்தால் வாயு அங்கேயே தேங்கும். தீப்பிடித்தால் பைகார்பனேட் பவுடரை அடிக்கக் கூடாது. ஃபோம் அல்லது கார்பன் டைஆக்சைடு சிலிண்டரை அந்த மூலைக்கென்று வாங்கி வைக்கச் சொல்லுங்கள். மற்றபடி கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், விஷச் சரக்கு இல்லை. கண்ணில் பட்டால் மட்டும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி டாக்டரிடம் போங்கள்.

இனி அம்மிணிக்கு ஒரு வார்த்தை. அவர்கள் லேபில் அதிகம் புழங்குவது இதன் சின்னத் தங்கை, டிரைஎத்தில்சிலேன். ஒரு சிலிக்கான், மூன்று எத்தில், ஒரு ஹைட்ரஜன். கொதிநிலை 107 டிகிரிப் பக்கம், அடர்த்தி 0.73, தண்ணீரில் கலக்காமல் மேலே மிதக்கும். நம் எண்ணெய் 100 டிகிரிக்கு மேல் சூடானால்தான் தீப்பிடிக்கும் ஆவி விடும். இது பூஜ்யத்துக்கும் கீழேயே விடும், பெட்ரோல் மாதிரிப் பார்க்க வேண்டும். டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலத்தோடு சேர்த்தால், முதலில் அமிலம் மூலக்கூறில் ஒரு கார்பன் நேர்மின் அயனியை உண்டாக்கும், பிறகு சிலேன் தன் ஹைட்ரைடை அங்கே வைக்கும். பென்சிலிக் ஆல்கஹால், டைஅரைல் கீட்டோன் எல்லாம் அழகாக ஒடுங்கும், எஸ்டர் தொடாமல் நிற்கும். ஐயனிக் ஹைட்ரஜனேஷன் என்று சோவியத் வேதியியலாளர்கள் குர்சானோவும் பார்னெஸும் வளர்த்தெடுத்த முறை. பெப்டைடு செய்பவர்கள் கடைசியில் ரெசினிலிருந்து கழற்றும்போது டிரைஐசோபுரோப்பைல்சிலேன் இரண்டரை சதவீதம் சேர்ப்பதும் இதே காரணத்துக்குத்தான், கழன்று அலையும் டிரைடில் அயனியைப் பிடித்து அடக்க.

நம் வீடுகளில் வீட்டுக்கு ஒருவருக்குச் சுகர் என்கிறோம். டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையின் பிரசுரமான தயாரிப்பு முறையில் டிரைஎத்தில்சிலேன் இரண்டு இடத்தில் வருகிறது, போரான் ட்ரைஃப்ளூரைடோடு. இரண்டு பென்சீன் வளையங்களுக்கு நடுவில் உள்ள கீட்டோனை மெத்திலீனாக்க ஒரு தடவை, குளுக்கோஸ் வளையத்தில் தேவையில்லாத ஒரு ஆக்சிஜனைக் கழற்ற இன்னொரு தடவை. அப்பச்சி ராத்திரி போட்டுக்கொள்ளும் மாத்திரைக்குப் பின்னால் சிலிக்கானின் ஹைட்ரஜன் இருக்கிறது என்பது எனக்கு இன்றும் சந்தோஷம் தரும் விஷயம்.

லேபில் அவர் பார்த்துக்கொள்ள வேண்டியது: பல்லேடியம் கரி, மெத்தனால், சிலேன் மூன்றும் சேர்ந்தால் உடனே ஹைட்ரஜன் கொட்டும், அதனால் சிலேனைச் சொட்டுச் சொட்டாக, வாய் திறந்த குடுவையில், ஃபியூம் ஹூடுக்குள் (வாயுவை வெளியே இழுக்கும் கூண்டு) வைத்துத்தான் சேர்க்க வேண்டும். வினை முடிந்த குப்பியை இறுக்கி மூடி வைத்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போகக் கூடாது. சிலேன் கழிவை அமீன், காரக் கழிவு பாட்டிலில் ஊற்றக் கூடாது. டிரைஎதாக்சிசிலேன் பக்கம் போனால் இன்னும் ஒரு படி கவனம். காரமோ டைட்டானியம் சேர்மமோ பட்டால் அது தனக்குள்ளேயே இடம் மாறி, சிலிக்கானும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள சிலேன் வாயுவைத் தரும், அது காற்றுப் பட்ட நொடியில் தானே எரியும். டிரைமெதாக்சிசிலேன் ஆவி கண்மணியின் மேல்படலத்தையே கெடுக்கும், அதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடட்டும். அப்புறம் ஒரு சின்ன எரிச்சல், வேலை முடிந்ததும் கிடைக்கும் ஹெக்ஸாஎத்தில்டைசிலாக்சேன் சுலபத்தில் ஆவியாகாமல், எண்ணெய்ப் பசையுள்ள சரக்குகளோடு, பிரித்துச் சுத்தம் செய்யும் குரோமட்டோகிராஃபிக் குழாயில் கூடவே இறங்கி வரும். முதலிலேயே ஹெக்ஸேன் விட்டு நன்றாகக் கழுவி எடுத்துவிடலாம்.

கடைசியாகக் காலிப் பேரல். நம் பக்கம் காலிப் பேரலுக்கு நல்ல விலை. பழைய பேரல்காரர் வாங்கிப்போய் சோடா போட்டுக் கழுவித்தான் விற்பார். மெத்தில் ஹைட்ரஜன் பேரலின் அடியில் எவ்வளவு வடித்தாலும் அரைக் கிலோ, ஒரு கிலோ நிற்கும். சோடா விழுந்து, மூடியும் போட்டால் என்ன நடக்கும் என்று மேலே பார்த்தோம். சிலர் அதைக் கேஸ் கட்டிங்கில் இரண்டாக வெட்டி மாட்டுத் தொட்டியும் ஆக்குவார்கள். அதனால் இந்த இரண்டு பேரலையும் விலைக்குப் போடாமல், மூடியைத் திறந்து வைத்து, சப்ளையரிடமே திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த ஆர்டர் போடும்போதே அதை நிபந்தனையாக எழுதி வாங்கிவிடுங்கள்.